கை கழுவிய பள்ளிக்கூடம்

"கையைக் காட்டு."

பையன் காட்டினான். விரல் நுனிகள் மட்டும் ஈரமாகப் பளபளத்தன. அதற்குக் கீழே, காலையில் விளையாடிய மண் அப்படியே இருந்தது.

"இதுதான் கழுவின லட்சணமா?"

"கழுவிட்டேன் டீச்சர்."

"எதை?"

"நகத்தை."

இரண்டாம் வகுப்பு டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். பையனுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்ததால் வகுப்பே அவனை ஓட்டைப்பல் என்றுதான் கூப்பிடும். அவன் சிரித்தால் அவளுக்குக் கோபம் தங்காது. அது அவனுக்கும் தெரியும். சிரித்தான்.

"நகத்தாலயாடா சாப்பிடப் போறே? உள்ளங்கையைக் கழுவ வேணாமா?"

"அது உள்ளதானே டீச்சர் இருக்கு? அதுல எப்படி அழுக்கு ஒட்டும்?"

டீச்சர் மேஜையிலிருந்து தலையைத் தூக்கி வகுப்பைப் பார்த்தாள். பாதிப் பெஞ்சு காலி. ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு. நேற்று வரை பெஞ்சுமேல் ஏறிக் குதித்த பிள்ளை இன்று கசக்கிப் போட்ட துணி மாதிரி வீட்டில் கிடக்கிறது. ஒரு சிறுமியை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. டீச்சர் போய்ப் பார்த்தபோது அவள் ஊசி குத்திய கையைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு, "வீட்டுப்பாடம் எழுதலை டீச்சர், அடிக்க மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள். அன்றைக்கு டீச்சருக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால்தான் இந்தக் கை ஆராய்ச்சி.

"டீச்சர்! டீச்சர்!"

தலைமை ஆசிரியர் வாசலில் மூச்சு வாங்க நின்றார். அவர் ஓடி வந்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று தீப்பிடித்திருக்க வேண்டும், அல்லது மேலிடத்திலிருந்து போன் வந்திருக்க வேண்டும். தீப்பிடித்தால் இவ்வளவு வேகமாக ஓடி வரமாட்டார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி வர்றாராம்!"

"எதுக்கு சார்?"

"பிள்ளைங்க கை கழுவறதைப் பாக்க."

"அதுக்காகப் பெரிய அதிகாரியா?"

"அதான் எனக்கும் புரியலை. எதுக்குன்னு முழுசா சொல்ல மாட்டேங்கறாங்க. சொல்லாம வந்தா குத்தம் கண்டுபிடிக்க வர்றாங்கன்னு அர்த்தம். நீங்க முதல்ல உடைஞ்ச பெஞ்சு, நாற்காலி எல்லாத்தையும் மூணாம் வகுப்பு ரூம்ல தள்ளிப் பூட்டுங்க."

"மூணாம் வகுப்புப் பிள்ளைங்களை எங்க உக்கார வைக்கிறது?"

"இங்கதான். உங்க வகுப்புல பாதி காலியாத்தானே இருக்கு? பாக்கறதுக்கும் நிறைஞ்ச மாதிரி இருக்கும்."

தலைமை ஆசிரியருக்குத் தெரிந்த நிர்வாகம் இவ்வளவுதான். அதிகாரி வரும் நாளில் எதுவும் உடைந்திருக்கக் கூடாது. உடைந்திருந்தால் தெரியக் கூடாது. தெரிந்தால், அது போன தலைமை ஆசிரியர் காலத்தில் உடைந்ததாக இருக்க வேண்டும்.

"கை கழுவறது உங்க பொறுப்பு. நீங்கதான் நல்லாப் பேசறீங்க, படம் போடறீங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பொறுப்பிலிருந்து தான் கை கழுவிக்கொண்டு போனார்.

பள்ளியின் பின்சுவரில் நாலு குழாய்கள் இருந்தன. மூன்றின் வாயில் துணியைத் திணித்துக் கட்டியிருந்தார்கள். நாலாவது, ஜலதோஷம் பிடித்த மூக்கு போல ஒழுகும். அதுவும் கூரை மேலிருந்த சின்னத் தொட்டியில் தண்ணீர் இருக்கும் வரைதான். தெருக் குழாயில் திங்கட்கிழமை தண்ணீர் வரும்போது பிடித்து வைப்பதுதான் வாரம் முழுக்க. சோப்பை ஆயா அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். வெளியே வைத்தால் காக்கா தூக்கிக்கொண்டு போய்விடுகிறது என்பது அவள் கட்சி.

டீச்சர் மறுநாளே ஆரம்பித்தாள். கரும்பலகையில் ஒரு கிருமியை வரைந்தாள். உருண்டை உடம்பு, அதைச் சுற்றி மயிர் மயிராகக் கால்கள். அது போதாது என்று தோன்றியதால் இரண்டு கொம்பு வைத்தாள். கொம்பு வைத்தபின் பல் இல்லாமல் மொட்டையாக இருந்தது. வரிசையாகப் பல் வைத்தாள். கடைசியில் அவளுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

"இதுதான் கிருமி. உங்க ஒவ்வொருத்தர் கையிலயும் இந்த மாதிரி கோடிக்கணக்குல இருக்கு. கழுவாம சாப்பிட்டா வயித்துக்குள்ள போய்க் கடிக்கும்!"

முதல் வரிசையில் ஒரு கை மட்டும் எழுந்தது. அந்தச் சிறுமிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. வகுப்பு வைத்த பெயர் 'ஏன்'.

"அது கண்ணுக்குத் தெரியாதுன்னு நேத்து சொன்னீங்களே டீச்சர்?"

"ஆமா."

"அப்புறம் நீங்க ஏன் பாத்து வரஞ்சீங்க?"

"பாத்து வரையலைம்மா."

"பாக்காமயே ஏன் பல்லு வச்சீங்க?"

அதற்குள் பின்பெஞ்சில் ஒரு அழுகை கிளம்பியது. ஒன்று அழுதால் மற்றது சும்மா இருக்குமா? மூன்றாம் வகுப்புக்காரர்கள் பெரியவர்கள் என்ற மரியாதைக்குக் கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்துவிட்டு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பலன் மதியச் சாப்பாட்டில் தெரிந்தது. கையைக் கழுவுங்கள் என்றால், கழுவும்போது ஒரு கை இன்னொரு கையைத் தொட வேண்டும், அந்தக் கையிலும் கிருமி இருக்கிறது, மாட்டேன் என்றார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தட்டில் வாயை வைத்து, கன்றுக்குட்டி தொட்டியில் குடிப்பது போலச் சாப்பிட்டார்கள். ஒருவன் மூக்கில் சாப்பாடு ஏறித் தும்மினான். அந்தத் தும்மல் எதிர் வரிசைத் தட்டுகள் வரை போயிற்று.

பிற்பகலில் ஆயா வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்களோ, ஒண்ணுகூட பாத்ரூம்ல கால்சட்டைப் பொத்தானைத் தொட மாட்டேங்குது. அப்படியே நிக்குதுங்க."

"நின்னா?"

"நின்னா என்ன ஆகும்? ஆயிடுச்சு. நாலு பேருக்கு மாத்துத் துணி வேணும்."

டீச்சர் அன்று மாலையே கிருமியின் கொம்பை அழித்தாள். பல்லை அழித்தாள். அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வரைந்தாள். மறுநாள் குரலைத் தேனாக்கிக்கொண்டு சொன்னாள்.

"பயப்படாதீங்க கண்ணுங்களா. கிருமி ரொம்ப ரொம்பக் குட்டி. சோப்பும் தண்ணியும் பட்டாலே அழிஞ்சு போயிடும்."

ஓட்டைப்பல்லின் முகம் வாடியது.

"செத்துப் போயிடுமா டீச்சர்?"

"ஆமாடா."

"அதுக்கு அம்மா இருக்குமா?"

"இருக்கும்... இல்லை... தெரியலையே."

"பாவம் டீச்சர்."

பாவம் என்ற சொல் பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. அடுத்த நாள் ஓட்டைப்பல் வலது கையில் ஒரு காலுறையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"என்னடா இது?"

"அதுங்களுக்குக் குளிரும்ல டீச்சர்."

'ஏன்' தன் கிருமிக்குப் பெயரும் வைத்திருந்தாள். ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டாளாம். சொன்னால் கூப்பிட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். பையன்கள் சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, தண்ணீர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் பாதுகாத்தார்கள். அன்றைக்கு மட்டும் இன்னும் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

டீச்சர் வீட்டில் கணவரிடம் புலம்பினாள். அவர் ஒரு கடையில் விற்பனைப் பிரிவில் இருந்தார். எதையும் யாரிடமும் விற்க முடியும் என்ற நம்பிக்கை உள்ளவர்.

"பயமுறுத்தினாலும் நடக்காது, கொஞ்சினாலும் நடக்காது. பரிசு குடு. சின்னதா ஏதாவது. ஒரு நட்சத்திரம் போட்டு விட்டாலே போதும், உசிரை விடுவாங்க."

இது பலித்தது. அதுதான் கஷ்டமே. நன்றாகக் கை கழுவியவர்களின் புறங்கையில் டீச்சர் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைந்தாள். முதல் நாள் எல்லோரும் முட்டி மோதிக்கொண்டு கழுவினார்கள். மூன்றாம் வகுப்புக்காரன் ஒருவன் சுவரில் தேய்த்துத் தேய்த்து அழுக்கை எடுத்திருந்தான். எல்லோர் கையிலும் நட்சத்திரம். டீச்சர் முகத்திலும் வெளிச்சம்.

மறுநாள் ஒருவர்கூடக் குழாய்ப் பக்கம் வரவில்லை.

"ஏன்டா கழுவலை?"

"கழுவினா நட்சத்திரம் அழிஞ்சிடுமே டீச்சர்."

சாயங்காலம் ஒரு தாய் வந்து நின்றாள். பின்னால் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு மகன்.

"டீச்சர், இவன் நேத்துலேருந்து கையில ஒரு சொட்டுத் தண்ணி படவிடலை. குளிக்க வச்சா ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டுத் திருடன் மாதிரி நிக்கிறான். சாப்பிட்ட கையையும் கழுவ மாட்டேங்கறான், நக்கிடறான். நீங்கதான் கழுவக் கூடாதுன்னு சொன்னீங்களாமே?"

"ஐயோ, நான் கழுவத்தான் சொன்னேன்."

"எங்க வீட்டுக்காரர் தேய்ச்சு விடப் போனாரு. அவரைக் கடிச்சு வச்சிட்டான்."

மகன் முழங்காலுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி நட்சத்திரத்தைக் காட்டினான். நன்றாகத்தான் இருந்தது. அதைச் சுற்றி மண், மை, எண்ணெய் எல்லாம் வானம் போலப் பரவியிருந்தது.

டீச்சர் இனிமேல் படம், பரிசு எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தாள். வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தேய்க்கும் வேகத்துக்கு வாய் தானாக எதையோ முணுமுணுத்தது. கையை உதறிவிட்டு நின்றாள். அட, இதுதானே!

திங்கட்கிழமை காலை, ஆயாவிடம் கெஞ்சி சோப்பை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் குழாயடியில் நிறுத்தி, தானே முதலில் கையை நீட்டிப் பாடினாள்.

"முன்கை பின்கை தேய்க்கலாம்,
விரல் இடுக்கில் பார்க்கலாம்,
கட்டை விரலைச் சுற்றலாம்,
நகத்து அழுக்கை விரட்டலாம்!"

இரண்டாவது தடவைக்குள் எல்லோரும் பாடினார்கள். ஓட்டைப்பல்லின் வாயில் 'தேய்க்கலாம்' என்ற சொல் காற்றாகவே வந்தது. ஆனால் கை இரண்டும் நுரைக்குள் காணாமல் போயிருந்தன. காலுறை அவன் காலுக்குத் திரும்பியது. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்து வடிகாலில் போயின, யாரும் அழவில்லை. பாட்டு முடியும் வரை கழுவ வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

'ஏன்' கூட, ஏன் என்று கேட்காமல் இரண்டு தடவை பாடினாள்.

மூன்றாம் வகுப்பு கேட்டது. அப்புறம் நாலாம் வகுப்பு சன்னல் வழியாகக் கேட்டது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் முழுக்க ஒரே பாட்டு. பாட்டு சின்னதாக இருக்கிறது என்று பிள்ளைகளே அடி சேர்த்தார்கள்.

"முழங்கை முட்டி தேய்க்கலாம்,
மூக்கைக் கூடக் கழுவலாம்,
பக்கத்து ஆளு கழுத்திலே
கொஞ்சம் தண்ணி ஊத்தலாம்!"

பாட்டு முடியும் வரை குழாய் திறந்தே இருந்தது. அதை மூட வேண்டும் என்று பாட்டில் வரி இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். புதன்கிழமை வகுப்பிலிருந்து ஒருவர்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. வியாழக்கிழமை, குளுக்கோஸ் ஏறிய சிறுமி பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இளைத்திருந்தாள். ஆனாலும் வந்ததும் குழாயடிக்கு ஓடினாள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். இத்தனை வருட வேலையில் தான் சொல்லிக் கொடுத்த ஒரு பாடம் ஒரு பிள்ளையின் உடம்பில் வேலை செய்வதை அவள் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குள் தலைமை ஆசிரியர் வந்துவிட்டார்.

"பிரமாதம் டீச்சர்! நாளைக்கு அதிகாரி. இன்னைக்கு முழு ஒத்திகை. எல்லா வகுப்பும்!"

எல்லா வகுப்பும் கழுவியது.

"வரிசை கோணலா இருக்கு. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை கழுவியது.

"நான் போன்ல இருந்தேன், பாக்கலை. கடைசியா ஒரே ஒரு தடவை."

கழுவியது. ஆறாவது சரணம் வரைக்கும் பாடிக் கழுவியது. ஆறாவது சரணத்தை யார் எழுதினார்கள் என்றே தெரியவில்லை. அதில் காது, கழுத்து, கணுக்கால் எல்லாம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆயா குழாயடியிலிருந்து கூப்பிட்டாள்.

"டீச்சர், திறந்தா காத்து வருது."

"தண்ணி?"

"காத்துதான். நல்லா வேகமா வருது."

டீச்சர் ஓடிப் போய்த் திருகினாள். குழாய் ஒருமுறை இருமியது. ஒரு துளி விளிம்பு வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே போய்விட்டது. கூரை மேல் ஏறிப் பார்த்த காவலாளி தொட்டியைத் தட்டினார். தவில் மாதிரி சத்தம் கேட்டது.

"சார், தொட்டி காலி" என்றாள் டீச்சர். "பேசாம அதிகாரிகிட்டச் சொல்லிடலாம்."

தலைமை ஆசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னன்னு சொல்றது? தண்ணி இல்லைன்னா ஏன் இல்லைம்பாரு. கை கழுவியே தீத்துட்டோம்னு சொல்லவா? கை கழுவக் கத்துக் குடுக்கற ஸ்கூல்ல கை கழுவத் தண்ணி இல்லைன்னு வெளிய தெரிஞ்சா என் தலை போயிடும்."

"பக்கத்து வீடுகள்ல நாலு குடம் வாங்கிட்டு வரலாமே?"

"அதிகாரி உள்ள வர்ற நேரத்துல நாம குடத்தோட தெருவுல ஓடணுமா? நல்லாருக்கும்!"

வாசலில் காரின் ஹாரன் கேட்டது. தலைமை ஆசிரியர் தலைமுடியை ஒரு தடவு தடவி, டீச்சர் காதருகே குனிந்தார்.

"தண்ணி இருக்கிற மாதிரி கழுவச் சொல்லுங்க."

"மாதிரின்னா?"

"நாடகத்துல சாப்பிடறாங்கல்ல? நிஜமாவா சாப்பிடறாங்க? அந்த மாதிரி. சீக்கிரம்!"

அதிகாரி என்றால் உருட்டும் கண், உரத்த குரல் என்று நினைத்திருந்த டீச்சருக்கு ஏமாற்றம். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு, கசங்கிய சட்டை. வந்ததும் கையைக் கூப்பிவிட்டு, நாற்காலி போட்டும் உட்காராமல் பிள்ளைகள் பக்கம் போனார்.

"இந்தப் பக்கம் பிள்ளைங்களுக்கு வயித்துப்போக்குன்னு கேள்விப்பட்டேனே?"

"சேச்சே, யாரோ வேண்டாதவங்க சொல்லியிருக்காங்க" என்றார் தலைமை ஆசிரியர். "பாருங்க, ஒரு பெஞ்சு காலியில்லை."

குழாயடியில் வரிசை நின்றது. டீச்சர் ஆரம்பித்தாள்.

"முன்கை பின்கை..."

பிள்ளைகளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? விளையாட்டு என்று தெரிந்ததும் நிஜத்தைவிடப் பிரமாதமாகச் செய்தார்கள். இல்லாத குழாயைத் திருகினார்கள். இல்லாத சோப்பு வழுக்கி விழுந்து, ஒருவன் குனிந்து பொறுக்கினான். "குழாயை மூடுடா, தண்ணி வீணாகுது!" என்று 'ஏன்' பக்கத்தில் இருந்தவனை அதட்டினாள். ஓட்டைப்பல் கழுவி முடித்து அதிகாரி பக்கம் கையை உதறினான். அதிகாரி தன்னை அறியாமல் பின்வாங்கிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுக் கைக்குட்டையைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"தண்ணியே வரலையே?"

தலைமை ஆசிரியர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"வராதுங்க. இது எங்க பள்ளியோட புது முறை. தண்ணியே இல்லாம கை கழுவறது."

"தண்ணி இல்லாமலா?"

"ஆமாங்க. கழுவறது முக்கியமில்லை, பழக்கம்தான் முக்கியம். பழக்கம் வந்துட்டா தண்ணி எதுக்குங்க? ஒரு சொட்டு வீணாகறதில்லை, தரை வழுக்கறதில்லை. சோப்புகூட ஒண்ணு வாங்கினோம், இன்னும் அப்படியே இருக்கு. ஆயா, அந்தச் சோப்பைக் கொண்டு வந்து காட்டு!"

ஆயா கொண்டு வரவில்லை. ஒத்திகையில் அது கரைந்து போயிருந்தது.

அதிகாரி டீச்சரிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்கதானே சொல்லிக் குடுக்கறீங்க? இங்க தண்ணிக்கு ஏதாவது சிரமம் இருக்கா? தயங்காமச் சொல்லலாம்."

குரலில் அதட்டல் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கேட்பது போலத்தான் இருந்தது. டீச்சர் வாயைத் திறந்தாள். 'தொட்டி காலி' என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவர் தோளுக்குப் பின்னால் தலைமை ஆசிரியர் இருமினார். அப்புறம் கண்ணை உருட்டினார். அப்புறம் இரண்டு கையையும் கூப்பினார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். மகளுக்குக் கல்யாணம் வேறு பேசிக்கொண்டிருந்தார்.

"சிரமம் எதுவும் இல்லை சார்" என்றாள் டீச்சர். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேற எதுவும் தேவைப்படலையா?"

"எதுவுமே வேணாங்க!" என்று தலைமை ஆசிரியர் முந்திக்கொண்டார். "எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. உங்க ஆசீர்வாதம் இருந்தாப் போதும்."

அதிகாரி டீச்சரையும் பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லா இடத்துலயும் அது இல்லை, இது இல்லைன்னுதான் கேட்டுக்கிட்டு வர்றேன். எதுவுமே வேணாம்னு சொன்ன முதல் ஸ்கூல் இதுதான்" என்று நெகிழ்ந்து சொன்னார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அதையாவது நிஜமாகத் தட்டினார்கள். அவர் வாசல் வரை நடந்துபோய், யாரிடமோ ஏதோ சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் தெருமுனை திரும்பியதும் தலைமை ஆசிரியர் நாற்காலியில் சரிந்தார்.

"தப்பிச்சோம் டீச்சர். உங்களுக்கு நல்லாசிரியர் விருதுக்கு எழுதப் போறேன்."

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு குழாயடிக்கு ஓடினார்கள். இல்லாத குழாயைத் திருகினார்கள். பாட்டுப் பாடி, காற்றில் கை தேய்த்து, காற்றில் அலம்பி, உதறிவிட்டு வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிறுமி முதல் ஆளாகத் தட்டில் கையை வைக்கப் போனாள். உள்ளங்கையில் மண்.

"நில்லு! யாரும் தொடாதீங்க!"

டீச்சர் கத்திய கத்தலில் ஆயா கரண்டியைக் கீழே போட்டாள்.

"கழுவிட்டோமே டீச்சர்" என்றான் ஓட்டைப்பல்.

"அது நிஜமில்லைடா."

"அந்த மாமா பாத்துட்டு சந்தோஷமாத்தானே போனாரு? ஏன் டீச்சர், பெரியவங்க பாக்கறப்போ ஒரு மாதிரி, சாப்பிடறப்போ ஒரு மாதிரியா கழுவணும்?" என்று 'ஏன்' கேட்டாள்.

டீச்சர் தன் பையிலிருந்த குடிநீர் பாட்டிலை எடுத்து அந்தச் சிறுமியின் கையில் ஊற்றினாள். அடுத்த பிள்ளைக்கு ஊற்றினாள். அதற்கடுத்த பிள்ளைக்குப் பாட்டில் சொட்டியது. நீட்டிய கைகள் வரிசை முழுக்க இருந்தன.

பாட்டிலையும் ஒரு வாளியையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வாசலை அடைத்தபடி ஒரு லாரி நின்றிருந்தது. மேலே தார்ப்பாய் போர்த்தி ஏதோ பெரிதாகக் கட்டியிருந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அண்ணே, அண்ணே! வண்டியில கொஞ்சம் தண்ணி இருக்குமா? பிள்ளைங்க கை கழுவணும், சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்திருக்காங்க."

டிரைவர் அவளையும், அவள் கையிலிருந்த காலி வாளியையும், பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"என்னம்மா நீங்க, இந்த ஸ்கூல்ல இறக்கத்தான் இவ்வளவு பெரிய தண்ணித் தொட்டியையும் புதுக் குழாயையும் ஏத்திக்கிட்டு வந்தேன், இங்க தண்ணியே தேவையில்லையாம், வேற ஸ்கூலுக்குக் கொண்டு போன்னு ஐயா இப்பத்தானே சொல்லிட்டுப் போறாரு!"